ஜன்னலைப் பார்த்த மானிட்டர்

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். எனக்கு எதையும் அப்படி யோசித்துத்தான் பழக்கம்.

1. சித்திக்குக் கம்ப்யூட்டர் வந்தது. மானிட்டரை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தோம்.
2. வெளியே நின்றவர்கள் அதைப் பார்க்கத் தொடங்கினார்கள். சித்தியின் கழுத்து இடப்பக்கம் திரும்பிக்கொண்டது.
3. வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டினார்கள்.
4. சித்திக்குத் தனி அறை கிடைத்தது. மானிட்டர் நேராக நின்றது.
5. வேலை நின்றுபோனது.

நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவில் என்ன ஆயிற்று என்பது அப்போது எங்கள் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியபோது அந்தப் பழைய வீடு இல்லை.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கம் இருந்த அந்த வீட்டில் பெரியப்பாவும் சித்தப்பா குடும்பமும் சேர்ந்து இருந்தார்கள். அப்பாவுக்கு ஊர் ஊராக மாற்றல் வந்துகொண்டிருந்ததால், பொறியியல் படிக்க என்னை அங்கே விட்டிருந்தார்கள். அம்பத்தூரில் சித்தப்பா வேலை பார்த்த தொழிற்சாலை மூடப்பட்ட பிறகு வீட்டில் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கியிருந்தார்கள். சித்தப்பா தினமும் சட்டை போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டு மத்தியானம் திரும்பி வருவார். எங்கே போனீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. சித்தி கல்யாணத்துக்கு முன்பே தமிழ் தட்டச்சில் உயர்நிலை முடித்தவர். தி.நகரில் மூன்று மாதம், கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைக்கும் டிடிபி கற்றுக்கொண்டு, கல்யாணப் பத்திரிகைகளை வீட்டிலிருந்தே செய்து அச்சகங்களுக்குக் கொடுப்பதாகச் சொன்னார். ரிச்சி தெருவில் உதிரிபாகம் உதிரிபாகமாகப் பார்த்து வாங்கி அந்தக் கம்ப்யூட்டரைச் சேர்த்துக் கொடுத்தது நான்.

பெரியப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "நீ வேலை செய்யறதுல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆனா முன்ன பின்ன தெரியாதவங்க வீட்டுக்குள்ள வரக்கூடாது. எதுவா இருந்தாலும் ஜன்னலோட சரி."

முன்னறை ஜன்னலுக்கு வெளியே கேட்டு வரைக்கும் கொஞ்சம் சிமெண்டுத் தரை இருந்தது. வருகிறவர்கள் அங்கே நின்று கம்பி வழியாகக் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் அச்சுப் படி எடுத்துக் காட்டினால் தாள் வீண். அதனால் சித்தி மானிட்டரை அவர்கள் பக்கம் திருப்பினார். முழுவதும் திருப்பினால் தனக்குத் தெரியாது. எனவே பாதி திருப்பம். ஜன்னலில் அடித்திருந்த கொசுவலையில் மானிட்டர் அளவுக்குச் சதுரமாக வெட்டி எடுத்தோம். மாலை வெயில் திரையில் விழுந்து எழுத்தை அழித்தபோது, மானிட்டர் வந்த அட்டைப்பெட்டியையே கிழித்து மூன்று பக்கமும் மறைப்பு ஒட்டினேன். சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் கீபோர்டு, அடியில் பலகை மேல் சிபியு, ஸ்டெபிலைசரின் ஓயாத உறுமல், இடப்பக்கம் கழுத்தைத் திருப்பியபடியே சித்தி. திரையை ஓரமாகப் பார்த்து அடித்ததில் எழுத்துகள் அவருக்கு எப்போதும் ஒல்லியாகவே தெரிந்தன என்பார். இரண்டாவது மானிட்டர் ஒன்றை இணைத்திருந்தால் அந்தக் கழுத்து பிழைத்திருக்கும். அப்படி இணைக்கலாம் என்று எனக்குத் தெரியும். அந்த ஜன்னலோடு சேர்த்து அதை நினைத்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

மற்ற இடங்களில் படியை வாங்கிக்கொண்டு போய், பென்சிலால் திருத்தி, மறுநாள் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். இங்கே நின்ற இடத்திலேயே தங்கள் பெயர் திரையில் ஏறுவதையும் இறங்குவதையும் பார்க்கலாம். பத்திரிகையில் கோயில் பெயரையும் முகூர்த்த நேரத்தையும் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை. 'நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே யார் பெயர் முதலில் வரும் என்பதில்தான் எல்லாச் சண்டையும். அதனால் ஒருவர் வந்த வீட்டிலிருந்து அடுத்த முறை ஏழு பேர் வந்தார்கள்.

சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வந்த ஒரு குடும்பம் நன்றாக நினைவிருக்கிறது. பெண்ணின் தாய்மாமன்கள் இரண்டு பேர், கூட ஐந்தாறு பேர். இளையவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"இன்னா மேடம், எம்பேரு கீழ கீது?"

"உங்க மச்சான் எழுதிக் குடுத்தபடிதாங்க அடிச்சிருக்கேன்."

"அவரு எழுதுவாரு. பந்தலு, மேளம் எல்லாத்துக்கும் அலையறது யாரு? மேல தூக்குங்க."

மூத்தவர் பின்னாலிருந்து, "தூக்கட்டும், தூக்கட்டும். சீர்த்தட்டையும் அவனே தூக்கிக்கினு போவட்டும். நான் வரல," என்றார்.

"அண்ணே, பந்தி போடறப்ப மட்டும் நீதான் மொதல்ல வருவே, எனக்குத் தெரியாதா?"

சிரிப்பும் கூச்சலும் சேர்ந்து எழுந்தன. சித்தி இரண்டு பெயர்களையும் ஒரே வரியில் பக்கம் பக்கமாக வைத்தார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு இளையவர், "அப்போ லெஃப்ட்ல அவரா?" என்றார்.

"வயசுல பெரியவர் லெஃப்ட்ல. ஆனா உங்க பேரு நீளம். வரியில முக்கால்வாசி நீங்கதான் இருக்கீங்க, பாருங்க."

இளையவர் பார்த்தார். வாய்க்குள்ளேயே எண்ணினார். "கரெக்டுதான் மேடம்," என்றார்.

நாளாக ஆக, பெரியப்பாவே நாற்காலியை ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். நியூஸ் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு, "சம்பந்தியோட அண்ணனை விட்டுட்டீங்களேப்பா, அவர் சும்மா விடுவாரா?" என்று உள்ளிருந்தே எடுத்துக் கொடுப்பார். சித்தியின் பெயர் யாருக்கும் தெரியாது. கேட்டு வாசலில், "ஜன்னல் மேடம் வீடு இதுதானே?" என்று விசாரிப்பார்கள். சித்தப்பா அச்சகங்களுக்கு, பத்திரிகையை அச்செடுத்த பட்டர் பேப்பரைக் கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கினார். அவர் சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவதற்கு மறுபடி ஒரு காரணம் கிடைத்தது. வீட்டில் குரல்கள் பழைய உயரத்துக்கு வந்தன.

பிறகு பில்டர் வந்தார். தெருவில் ஏற்கெனவே நான்கு வீடுகள் போயிருந்தன. கீழே முழுவதும் கார் நிறுத்தும் இடம். மேலே எங்களுக்கு இரண்டு வீடுகள். சித்தப்பா பங்குக்கு முதல் மாடியில் தெருவைப் பார்த்த சின்ன வீடு, இல்லையென்றால் இரண்டாம் மாடியில் பின்பக்கம், கூடுதலாக ஓர் அறையோடு. சித்தி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "அந்த ரூம் எனக்கு," என்றார். அவர் தனக்கென்று ஒன்றைக் கேட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கட்டி முடியும்வரை வாடகை வீட்டில் இருந்த காலம் முழுக்க நாங்கள் இருவரும் கிராஃப் தாளில் அந்த அறையை வரைந்து வரைந்து அழித்தோம். சுவரோடு மேஜை, முழங்கை உயரத்தில் இழுப்புத் தட்டில் கீபோர்டு, கண்ணுக்கு நேரே மானிட்டர், யுபிஎஸ், தனி ஸ்விட்ச் போர்டு. எல்லாம் முடிந்த பிறகு சித்தி மேஜைக்கு இந்தப் பக்கம் விரலை வைத்தார்.

"இங்க ரெண்டு நாற்காலி போடுடி. பாவம், இத்தனை வருஷம் வெயில்ல நிக்க வெச்சுட்டேன். இனிமே உள்ள வந்து உக்காந்து பாக்கட்டும்."

பெரியப்பாவும் அப்போது மறுக்கவில்லை. சித்தப்பா பழைய வாடிக்கையாளர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பினார். அவர்களும் வந்தார்கள். வேலையிலிருந்து விடுப்பில் வந்து நான் அங்கே இருந்தபோது, தன் மகளின் கல்யாணத்துக்காகச் சிந்தாதிரிப்பேட்டையின் அந்த மூத்த மாமன் வந்தார். கீழே வாட்ச்மேனிடம் பெயர் சொல்லி, செருப்பை வாசலில் கழற்றி, கூடத்தைத் தாண்டி, படுக்கையறையைத் தாண்டி, அந்த அறைக்குள் வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கூட வந்தவர் ஒருவர்தான். மற்றவர்கள் கீழேயே நின்றுவிட்டார்கள். "வீட்டுக்குள்ள அத்தினி பேரு எப்படிம்மா வர்றது?" என்றார். சித்தி காபி கொடுத்தார். அவர் திரையைப் பார்த்துவிட்டு, "நல்லா கீதுமா. ரொம்ப நல்லா கீது," என்று மெதுவான குரலில் சொன்னார். ஒரு பெயரைக்கூட மாற்றச் சொல்லவில்லை. டம்ளரைப் பார்த்துப் பார்த்துக் கீழே வைத்தார்.

தெருப்பக்கப் படிக்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே போனதும் அவர்கள் எல்லோரும் சித்தி அச்செடுத்துக் கொடுத்த தாளைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். மறுநாள் பென்சில் திருத்தங்களோடு தாள் வந்தது. அதற்கும் அடுத்த நாள் இன்னொரு தாள். பிறகு வரவில்லை. மெயின் ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட கடை ஒன்றில், கவுண்டரைச் சுற்றி நின்றபடி பத்திரிகையை முடித்துக்கொண்டதாகச் சித்தப்பா கேள்விப்பட்டு வந்து சொன்னார். ஒவ்வொரு குடும்பமாக அப்படித்தான் போயிற்று. காபி கொடுத்தவர் வீட்டில், அவர் படுக்கையறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அண்ணனும் தம்பியும் எப்படிச் சண்டை போடுவார்கள்? பெரியப்பா அவர்களை வெளியே நிறுத்தியது மரியாதைக் குறைவு என்று நாங்கள் நினைத்திருந்தோம். அந்த மரியாதைக் குறைவில்தான் அவர்களால் தாராளமாகக் கத்த முடிந்தது. மேஜையின் உயரம்வரை அளந்து வரைந்த எங்களுக்கு அது அந்தக் கிராஃப் தாளில் எங்கேயும் தெரியவில்லை.

என் கல்யாணப் பத்திரிகையை அந்த அறையில்தான் சித்தி செய்தார். நான் பெயர்களைச் சொல்லச் சொல்ல வேகமாக அடித்தார். முடிந்த பிறகும் கீபோர்டிலிருந்து கையை எடுக்காமல் காத்திருந்தார்.

"உங்க மாமனார் வீட்ல யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

"எல்லாரும் ஃபோன்லயே பேசி முடிச்சிட்டாங்க சித்தி."

"அப்போ இதை எந்தக் கடையில வேணும்னாலும் அடிச்சிருக்கலாமே," என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

நான் இப்போது அடையாறில் இருக்கிறேன். அலுவலக வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்து செய்ய எனக்கும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. சித்திக்காக வரைந்த அளவுகளில்தான் அதற்கு மேஜை செய்தேன். மானிட்டர் கண்ணுக்கு நேரே இருக்கிறது. என்னைத் தவிர அதை யாரும் பார்ப்பதில்லை.

சித்தி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குப் போகிறார். பேசும்போது இன்னமும் இடப்பக்கம் திரும்பித்தான் பேசுகிறார். சித்தப்பா வீட்டில் இருக்கிறார். பெரியப்பா பால்கனியில் உட்கார்ந்து நியூஸ் பேப்பர் படிக்கிறார். கம்ப்யூட்டர் உறை போட்டு மூடியிருக்கிறது. இரண்டு நாற்காலிகளிலும் மடித்த துணிகள். அந்த ஜன்னல் இருந்த இடத்தில் முதல் மாடிக்காரரின் கார் நிற்கிறது.