மாமல்லபுரத்தில் சியேனா

என் மகள் இருக்கும் ஊருக்குள் கார் போகாது. அவள் அதைச் சொன்ன நாளிலிருந்தே என் கணவருக்கு அந்த ஊரின் மேல் ஒரு சந்தேகம். "காரு போகாத ஊரு இன்னா ஊரு? பஸ்ஸாவது போகுமா?" என்று கேட்டார். ஊரைச் சுற்றிய மதிலின் வாசல் வரைக்கும்தான் பஸ், அதற்கு மேல் எல்லாம் நடைதான் என்றாள் அவள். இவர் ஓய்வு பெறும் வரை ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் ஓட்டியவர். கூடுவாஞ்சேரியில் எங்கள் தெருமுனை டீக்கடைக்குப் போகக்கூட ஸ்கூட்டரைத்தான் கிளப்புவார். நடப்பது என்பது பஸ்ஸைத் தவற விட்டவர்கள் செய்யும் வேலை என்பது அவருடைய கட்சி.

ஊரின் பெயர் சியேனா. இத்தாலியில் ஒரு மேட்டின் மேல் இருக்கும் பழைய நகரம். பொத்தேரி காலேஜுக்கு ரயிலில் போய் வந்து படித்த எங்கள் ஒரே பெண் அங்கே ஆராய்ச்சி மாணவியாக இருக்கிறாள். இந்த வருஷம் நீங்கள் இரண்டு பேரும் வந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். ஆனால் பகல் முழுவதும் அவளுக்கு வேலை. ஊரை நாங்களே சுற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்காக ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு குரல் பதிவு செய்து கைப்பேசிக்கு அனுப்பி வைத்தாள். ஓர் இடத்தில் நின்று பதிவைத் தட்டினால், அங்கே என்ன பார்க்க வேண்டும், அடுத்த இடத்துக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அவள் குரலே சொல்லும். கைடு வேண்டாம், கூட்டத்தோடு ஓட வேண்டாம்.

ஒரே ஒரு சிக்கல். இவர் போன வருஷம் முட்டி வீங்கிப் படுத்துவிட்டார். சர்க்கரை வேறு பல வருஷமாக இருக்கிறது. அந்த ஊரோ மேடும் பள்ளமுமாகக் கல் பாவிய தெரு. மகள் தெளிவாகச் சொல்லிவிட்டாள். "அப்பா, முதல்ல நம்ம ஊர்ப் பக்கமே ஒரு தடவை அவ்வளவு தூரம் நடந்து காட்டு. அப்புறம் டிக்கெட் போடறேன்."

மேடும் பள்ளமும் கல்லுமாக நடக்க எங்கள் பக்கத்தில் வேறு எங்கே போவது? செங்கல்பட்டு போய் பஸ் மாறி மாமல்லபுரத்தில் இறங்கினோம். போகும் வழியெல்லாம் இவர் டிரைவருக்குப் பின்னாலிருந்து கிளட்ச் மிதிப்பதைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். ஓய்வு பெற்ற டிரைவரைப் பஸ்ஸில் கூட்டிப் போவதைப் போன்ற தொல்லை உலகத்தில் இல்லை.

இறங்கியதும் ஒரு கைடு வந்து ஒட்டிக்கொண்டார். "எனக்கு என் பொண்ணே கைடு" என்று இவர் கைப்பேசியைத் தூக்கிக் காட்டினார். அர்ச்சுனன் தபசுக்கு முன்னால் நின்று முதல் பதிவைத் தட்டினார். இதைச் சியேனாவின் பெரிய சதுக்கம் என்று வைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு.

"அப்பா, இப்ப உன் முன்னாடி விசிறி மாதிரி சரிஞ்சு இறங்குற ஒரு பெரிய இடம் இருக்கும். எல்லாரும் தரையிலதான் உக்காந்திருப்பாங்க. நீயும் உக்காரு, வெக்கப்படாத."

எதிரே பாறையில் யானைகளும் தவம் செய்யும் பூனையும். இவர் மரியாதையாக நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தார். பக்கத்தில் வெள்ளரிக்காய் விற்ற அம்மாள், யாரோ பெண் பேசுகிறாளே என்று எட்டிப் பார்த்தாள். "எம் பொண்ணு. இத்தாலில கீது" என்றார். அவளுக்கு அதற்கு மேல் விவரம் தேவைப்படவில்லை. ஒரு காயை நறுக்கி மிளகாய்ப்பொடி தடவிக் கையில் வைத்துவிட்டாள்.

அடுத்தது சியேனாவின் உயரமான கோபுரம். அதற்குப் பதில் இங்கே கலங்கரை விளக்கம். பாறை மேட்டில் ஏறும்போது நான் அவருடைய முட்டியையே பார்த்துக்கொண்டு போனேன். அது மடங்குகிறதா, அவர் எங்கேயாவது கையை ஊன்றுகிறாரா, முகம் சுளிக்கிறாரா என்று. ஒன்றுமே இல்லை. எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

அங்கே ஆரம்பித்தது செருப்புக் கூத்து. பாறையைக் குடைந்த மண்டபம் ஒவ்வொன்றுக்கும் வெளியே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் உள்ளே போனார். எல்லோரும் ஷூவோடுதான் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

"ஏங்க, இங்க பூஜையெல்லாம் கிடையாது. செருப்போடயே போகலாம்."

"பூஜை இல்லன்னா சாமி இல்லியா? உள்ள உக்காந்துகினு கீது பாரு" என்று மகிஷனோடு சண்டை போடும் அம்மனைக் காட்டினார்.

நானும் கழற்றினேன். வெயில் ஏறியிருந்தது. வெளியே பாறையில் இரண்டு எட்டு வைப்பதற்குள் நான் தவளை போலக் குதித்துச் செருப்புக்குள் விழுந்தேன். அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தூரத்துக் கடலைப் பார்த்தபடி நிதானமாக வந்தார்.

"சுடலையா?"

"இஞ்சின் சூட்டுலயே வெந்த காலு மே இது. இதெல்லாம் ஒரு சூடா?"

எனக்குப் பெருமையாக இருந்தது. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

ஐந்து ரதத்துக்குப் போகும் சாலையில் வரிசையாகச் சிற்பப் பட்டறைகள். கல் அறுக்கும் மிஷின் சத்தத்தில் மகளின் குரல் சரியாகக் கேட்கவில்லை. "இடது பக்கம் ஒரு ரொட்டிக் கடை வாசனை வரும்பா" என்றாள். இடது பக்கம் பாதி முடிந்த பிள்ளையார்கள் வெள்ளைத் தூசியில் நின்றிருந்தார்கள். இருவரும் சிரித்துக்கொண்டே நடந்தோம். அப்போது பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "அண்ணாத்த! செருப்பு!"

திரும்பிப் பார்த்தால் இவருடைய இடது கால் செருப்பு சாலையில் தனியாகக் கிடந்தது. இவர் ஒற்றைச் செருப்போடு பேசிக்கொண்டே வந்திருக்கிறார். "பேச்சு சுவாரசியத்துல கால்ல என்ன இருக்குன்னுகூடத் தெரியல உங்களுக்கு" என்று நான் கேலி செய்தேன். அவரும் தலையில் அடித்துக்கொண்டு திரும்பிப் போய் மாட்டி வந்தார்.

ஐந்து ரதம்தான் எங்களுக்குச் சியேனாவின் பெரிய தேவாலயம். கறுப்பும் வெள்ளையுமாக வரி போட்ட சுவர்கள் என்று மகள் விவரித்தாள். அதை அங்கே மணலில் நின்று இரண்டு முறை போட்டுக் கேட்டார். நடு மத்தியானம். வழக்கம்போலச் செருப்பு வெளியே. நான் அங்கிருந்த கல் யானையின் நிழலில் ஒதுங்கிவிட்டேன். அவர் ஒவ்வொரு ரதத்தையும் சுற்றி வந்தார், கோயிலில் பிராகாரம் சுற்றுவதுபோல. பிறகு கடற்கரைக் கோயில் வரை நடந்தே திரும்பினோம். அங்கும் கழற்றினார். அங்கும் சுற்றினார். கடைசிப் பதிவில், செங்கல் வளைவு வைத்த ஒரு பழைய தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் சாயங்காலம் நானே வந்து கூட்டிப்போவேன் என்று மகள் முடித்திருந்தாள். இவர் அதைக் கேட்டுவிட்டுக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. காற்று என்றார்.

முட்டி ஒரு இடத்திலும் மக்கர் பண்ணவில்லை. திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்ததும் மகளுக்குப் பேசி அனுப்பினார். "பாஸ் பண்ட்டேன்மா. டிக்கெட்டு போடு." நான் அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டேன். அத்தனை சந்தோஷமான தூக்கம் எனக்கு வாய்த்து எவ்வளவோ நாளாகிறது.

வீட்டுக்கு வந்து குளியலறையில் கால் கழுவியவர், வெள்ளைத் தரையில் நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பின்னாலேயே ஈரக் கால் தடங்கள். இடது காலின் தடம் மட்டும் சிவப்பாக இருந்தது.

காலைத் தூக்கிப் பார்த்தேன். கட்டைவிரலுக்குக் கீழே கொப்புளம் கிளம்பி, உடைந்து, தோல் மடிந்து சுருண்டிருந்தது. வலது காலிலும் இரண்டு கொப்புளங்கள். அவர் குனிந்து, வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இது எப்ப மே ஆச்சு?"

நாள் முழுக்க நான் முட்டியைக் காவல் காத்திருக்கிறேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பாறை அவரை ஒன்றும் செய்யவில்லை என்று பெருமைப்பட்டேனே, அது வீரம் இல்லை. அவருக்குச் சூடு தெரியவே இல்லை.

செங்கல்பட்டில் ஒரு டாக்டரிடம் போனோம். நல்லவேளை சீக்கிரம் வந்தீர்கள் என்றார். கட்டுப் போட்டு, நடக்கவே கூடாது என்று அனுப்பினார். புண் ஆறப் பல வாரங்கள் பிடித்தது. மகள் டிக்கெட்டை நிறுத்தி வைத்தாள். இவர் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு அந்தக் குரல் பதிவுகளையே திரும்பத் திரும்பப் போட்டார். சியேனாவில் எந்த முனையில் எந்தக் கடை என்பது கூடுவாஞ்சேரியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அத்துப்படியாகிவிட்டது.

புண் ஆறியதும் டாக்டர் சொன்னார். "பல வருஷச் சர்க்கரை இல்லையா, பாதத்துல உணர்ச்சி எவ்வளவு இருக்குன்னு ஒரு டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டுதான் அந்த ஊருக்குப் போகலாமா வேணாமான்னு சொல்வேன்."

டெஸ்ட் என்றதும் இவருக்குத் தெம்பு வந்துவிட்டது. டிரைவர் வேலையில் அடிக்கடி கண் டெஸ்ட் எடுத்துப் பழகியவர். மங்கலாகத் தெரிந்தாலும் சத்தமாகச் சொல்ல வேண்டும், தயங்கினால்தான் தொலைந்தோம் என்பது அவர்கள் டிப்போவின் பாடம். அன்று காலை சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பினார்.

டாக்டர் அவரைப் படுக்க வைத்தார். நரம்பு போன்ற ஒரு மெல்லிய நைலான் இழையை எடுத்துக்கொண்டார். "கண்ணை மூடிக்கோங்க. நான் தொடும்போது தெரியுதுன்னு சொல்லுங்க."

கணுக்காலில் வைத்தார். "தெரியுது." குதிகாலில் வைத்தார். கொஞ்சம் பொறுத்து, "தெரியுது." கட்டைவிரலுக்குக் கீழே வைத்து இழை வளையும் வரை அழுத்தினார். பதில் இல்லை. வேறு விரல்களில் வைத்தார். பதில் இல்லை. அந்த அமைதி இவருக்குப் பிடிபட்டிருக்க வேண்டும். மூடிய கண்ணுக்குள் முழி அங்குமிங்கும் ஓடியது. டாக்டர் இழையை மேஜையில் வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"தெரியுது சார்" என்றார் இவர்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"தெரியுது... இப்பவும் தெரியுது."

என்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து போய் அவருடைய கால் விரல்களின் மேல் இரண்டு கையையும் மெல்ல வைத்தேன். எனக்கு அவர் மேல் அவ்வளவு பிரியம் வந்த நேரம் வேறு இல்லை. அவர் கண்ணைத் திறக்கவில்லை. விதிமுறைப்படி இறுக்கி மூடிக்கொண்டு, மோவாயை உயர்த்தி, அடுத்ததற்குக் காத்திருந்தார்.

"ஏன் சார் நிறுத்திட்டீங்க? தொடுங்க சார், சொல்றேன்."