லைசென்ஸுக்குச் சொன்ன முதல் விலை

என் கணவர் சீட்டுக் கூறுவதில், அதாவது ஏலம் கேட்பதில், சூரர். ஸ்காபரோவில், வெக்ஸ்போர்ட் பக்கம் எங்கள் அப்பார்ட்மென்டில் மாதாமாதம் ஏலச் சீட்டு நடக்கும். கூடுதலாகக் கழிவு விடுகிறவருக்கே அந்த மாதக் காசு. இவர் முதலில் கொஞ்சமாய்க் கழித்துச் சொல்லிவிட்டு, தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டு இருப்பார். மற்றவர்கள் களைத்த பிறகுதான் உண்மையான தொகை அவர் வாயில் வரும்.

அப்படி எடுத்த சீட்டில்தான் நாட்டின் மறுகோடியில், பசிபிக் கரையில் ஒரு பழைய படகும் சால்மன் பிடிக்கும் லைசென்ஸும் வாங்கினார். குருநகரில் கடலோடு வளர்ந்த மனுசனுக்கு ஸ்காபரோ பாக்டரியில் மூச்சு முட்டியது. போகட்டும் என்று விட்டேன். இவர் போன நேரம் பார்த்து மீனும் போய்விட்டது!

தொண்ணூறுகளின் நடுவில் அரசாங்கம் லைசென்ஸுகளைத் திருப்பி வாங்கத் தொடங்கியது. கட்டாயமில்லை. விருப்பமானவர்கள் தங்கள் விலையை எழுதி அனுப்பலாம். குறைவாய்க் கேட்டவர்களிடம் வாங்குவார்கள். விற்றுவிட்டால் மனுசன் வீடு வந்து சேர்ந்துவிடுவார். நான் அலுமாரியில் பாதியை அவருக்காக ஒதுக்கி வைத்தேன்.

போனில் விலையைச் சொன்னார்.

"உது ஆர் தருவான்? உங்களுக்கென்ன விசரே?"

"முதல்ல உப்பிடித்தான் கேக்கவேணும். கூடவெண்டால் கூப்பிட்டுக் கதைப்பாங்கள். அப்ப இறங்குவன். நீர் பேசாமல் இரும்."

யாரும் கூப்பிடவில்லை. வேண்டாம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. பக்கத்துப் படகுக்காரக் கிழவன் ஒரே விலையாய் எழுதி, விற்றுவிட்டுப் போய்விட்டான். அவனுக்குக் கிடைத்தது, இவர் மனதுக்குள் வைத்திருந்த கடைசி விலையைவிடக் கூடுதல். அதைக் கேட்டு ஆத்திரத்தில் அழுதேன்.

"இஞ்சருங்கோ, உந்தப் படகு கிடந்து உக்கட்டும். விட்டுட்டு வாங்கோ."

"இப்ப வந்தால் எல்லாம் போச்சு. உது அவங்கட முதல் பதில்தானே. இன்னும் கூறி முடியேல்லை."

அடுத்த கோடையில் மீன் இன்னும் குறைந்தது. வேலை முடிந்து வந்ததும் நான் தினமும் அவருக்குப் போன் எடுப்பேன். ஒருநாள் சொன்னார்:

"இனி உந்த நேரத்தில எடுக்காதையும். இஞ்ச நேரம் மூண்டு மணித்தியாலம் பிந்தி, லைசென்ஸ் ஒபிஸ் திறந்திருக்கிற நேரம். அவங்கள் எடுக்கேக்க லைன் பிஸியா இருந்தால் என்ன செய்யிறது?"

"ஓம்" என்று வைத்துவிட்டேன். இந்த மனுசன் இனி வரமாட்டார் என்று அப்போதுதான் விளங்கியது. அலுமாரியில் ஒதுக்கி வைத்த பாதியில் என் உடுப்புகளைத் திரும்ப அடுக்கினேன்.