கரி பஸ்ஸில் துக்கம் கேட்டவர்கள்

பஸ் கண்டக்டருக்கு வாயும் கையும் ஓயக் கூடாது. மனசு மட்டும் எங்கே வேண்டுமானாலும் திரியலாம், அதை யாரும் கேட்க மாட்டார்கள்.

யுத்த காலத்தில் தேனிக்கும் கம்பத்துக்கும் நடுவே ஓடிய ஒரு பஸ்ஸில் நான் கண்டக்டர். பெட்ரோல் கிடைக்காததால் வண்டியின் பின்னால் ஒரு பெரிய கரி அடுப்பைக் கட்டி, அதில் வரும் வாயுவில் ஓட்டினோம். அந்தச் சமயத்தில்தான் என் மனைவி வேலம்மாள் நாலே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். கல்யாணமாகி ஆறு வருஷம். பிள்ளை இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே வேலைக்கு வந்துவிட்டேன். வீட்டில் இருந்து என்ன செய்வதென்று தெரியவில்லை. பஸ்ஸில் என்ன செய்தேன் என்பதும் சரியாகத் தெரியவில்லை. துக்க வீட்டுக்காரராக இருந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இடம் மாறிய சின்னமனூர்

முதல் நாளே வீரபாண்டியில் வண்டி நின்றதும், "சின்னமனூர் எறங்கு!" என்று கத்தினேன். கோழிக்கூடையோடு ஒரு அம்மாள் இறங்கிவிட்டாள். வண்டி நகர்ந்த பிறகு எட்டிப் பார்க்கிறேன், கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வைதபடியே பின்னால் ஓடி வருகிறாள்! நிறுத்தி ஏற்றினோம். ஏறிய பிறகும் வசவு நிற்கவில்லை. என்னை விட்டு என் அப்பாவுக்குப் போய், அங்கிருந்து அவருடைய அப்பாவுக்கும் போய்விட்டாள்.

முன் சீட்டுக்காரர் அவள் காதில் என்னவோ சொன்னார். வசவு பாதியில் நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தாள். அழப் போகிறாளோ என்று எனக்குப் பயம். அவள் கூடையைத் தூக்கி என் கையில் கொடுத்தாள். "இந்தா, கோழியப் பிடி. பேசாம இங்கன ஒக்காரு. சின்னமனூர் வர்ற வரைக்கும் ஊருப்பேர நான் சொல்றேன்."

என்ன ராசி?

சனிக்கிழமைகளில் குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போகிறவர்கள் கூட்டமாக ஏறுவார்கள். அதில் இரண்டு பெரியவர்களுக்கு என் விஷயம் தெரிந்துவிட்டது. இது ஏழரைச் சனியின் வேலை என்றார் ஒருவர். இல்லவே இல்லை, அஷ்டமச் சனிதான் என்றார் மற்றவர். சண்டை முற்றி, நான் டிக்கெட் கேட்டபோது இருவரும் சேர்ந்து என்னையே அதட்டினார்கள். இறங்கும்போதுதான் ஒருவருக்கு நினைவு வந்தது. அவர் கேட்டது எனக்கே தெரியாத சங்கதி. என் நட்சத்திரம் முதற்கொண்டு அதெல்லாம் வேலம்மாளுக்குத்தான் தெரியும். அவர் படியில் நின்றபடி கேட்டது இதுதான்: "ஆமா தம்பி, ஒமக்கு என்ன ராசின்னு நீரு சொல்லவே இல்லையே?"

நெல் பேச்சு

உத்தமபாளையத்தில் ஏறும் ராவுத்தர் ஒருவர் நெல் வியாபாரி. வேலம்மாள் உயிரோடு இருந்தபோது என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவதோடு சரி. அவள் போன பிறகு திடீரென்று என்னிடம் பேச ஆரம்பித்தார். அதுவும் நெல்லைப் பற்றி மட்டும். எந்தக் கண்மாய்ப் பாசனத்தில் கதிர் எப்படி நிற்கிறது, எந்த நெல் குத்தினால் நொறுங்கும், இப்படி ஒரு மாதம். ஒரு வார்த்தை, 'வருத்தப்படாதே' என்று ஒரே ஒரு வார்த்தை, அவர் வாயிலிருந்து வரவில்லை. எனக்கு உள்ளுக்குள் கோபம். ஒருநாள் கேட்டே விட்டேன். "எங்க வீட்ல நடந்தது ஒங்களுக்குத் தெரியாதாக்கும்?"

ராவுத்தர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எம் பொஞ்சாதி மவுத்தாகிப் பதினோரு வருசமாச்சு தம்பி. வந்தவுக எல்லாம் அதயே பேசுனாக. ஒருத்தராச்சும் வேற எதையாச்சும் பேச மாட்டாகளான்னு நான் ஏங்கிக் கெடந்தேன்."

சீலையம்பட்டியில் நின்ற வண்டி

எங்கள் வீடு சீலையம்பட்டி. மத்தியான வண்டி வரும் நேரத்துக்கு வேலம்மாள் தூக்குச்சட்டியோடு புளியமரத்தடியில் நிற்பாள். டிரைவர் குட்டப்பனும் நானும் கம்பம் போய்ச் சாப்பிடுவோம். குட்டப்பன் குமுளிக்காரர். தனிக்கட்டை.

அவள் போன பிறகும் குட்டப்பன் அந்த மரத்தடியில் வண்டியை நிறுத்தினார். ஏறவும் ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை. கேட்டால், அடுப்பில் கரி போட வேண்டும் என்பார். இறங்கிப் போய் இரும்புக் கம்பியால் குத்துவார், திரும்பி வருவார். அந்த இரண்டு நிமிஷம் எனக்கு நரகம். கண்ணை எங்கே வைப்பது? ஒருநாள் பொறுக்க முடியாமல் பின்னாலேயே போனேன். அடுப்பு நிறையக் கரி இருந்தது. குட்டப்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றிருந்தார்.

"என்னக் கொல்லத்தான் தெனமும் இங்கன நிறுத்துறீரா?" என்று கத்தினேன். பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் தலையை நீட்டிப் பார்த்தார்கள். குட்டப்பன் திரும்பியபோது முகம் முழுக்கக் கரி. அதில் கண்ணீர் இரண்டு கோடாக இறங்கியிருந்தது. அதுவரை எனக்கு ஆறுதல் வாங்கித்தான் பழக்கம். கொடுப்பது எப்படி என்று தெரியாமல் அவர் கையிலிருந்த கம்பியை வாங்கிக்கொண்டேன். அவர் சொன்னார்: "எடா, அந்தப் பிள்ளை ரெண்டு பேருக்குச் சோறு கொண்டு வந்தது. துக்கம் ஒனக்கு மட்டும்தான்னு ஆரு சொன்னது?"

பசி

சில மாதம் கழித்துச் சின்னமனூரில் ஒரு விவசாயி ஏறினார். வளர்ந்த மகனைப் புதைத்துவிட்டு மூன்றாம் நாள் எங்கோ கிளம்பியிருக்கிறார். எங்கே என்று கேட்டதற்கு டிக்கெட் காசை மட்டும் நீட்டினார். பஸ்ஸில் இருந்தவர்கள் என்னை அவர் பக்கம் தள்ளிவிட்டார்கள். "நீ சொல்லுப்பா, ஒனக்குத்தான் தெரியும்" என்றார்கள். எனக்கு என்ன தெரியும்? பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்பிட்டீகளா?" என்றேன். "தெரியலையே" என்றார்.

உத்தமபாளையத்தில் வண்டியை நிறுத்தி, காப்பிக்கடைக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். ஒருவரும் நேரமாகிறது என்று சொல்லவில்லை. முதல் இட்லியை வெகுநேரம் பிட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மளமளவென்று ஆறு சாப்பிட்டார். கை கழுவிவிட்டு ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி என்னைப் பார்த்தார். "பசிச்சுத்தான் இருந்திருக்கு தம்பி. எம் மகன் போனப்பொறம் எனக்குப் பசிக்கும்னு நான் நெனைக்கல."

தனியாக உட்கார்ந்து ஒருமுறை நன்றாக அழுதுவிட வேண்டும் என்று அந்த வருஷம் முழுக்க நினைத்தேன். நிற்கவே இடமில்லாத பஸ்ஸில் அதற்கு எனக்கு ஒரு சீட்டுக்கூடக் கிடைக்கவில்லை.