முட்டிவலிக்கு ஆகாத சோபா

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், சோபாப் பட்டறையில் உறை தைக்கும் அவள் தன் நாத்தனார் வீட்டு சோபாவுக்குக் கூலி வாங்காமல் புது உறை தைத்து மாட்டிவிட்டாள். இடுப்பு விட்டுப்போன அசதியில் அதன் ஓரத்தில் உட்காரப் போனாள்.

"ஐயையோ, உன் மேலெல்லாம் நூலு. ஒட்டிக்கும். அந்த ஸ்டூல்ல உக்காரு" என்றாள் நாத்தனார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அவளுக்கு ஸ்டூல்தான். அவளும் மனசுக்குள் கறுவிக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் அவள் வீட்டுக்கும் சோபா வாங்க நேரம் வந்தது. கடைக்காரர் காட்டிய உயரமான, கெட்டியான சோபாக்களை முழங்கையால் அமுக்கிப் பார்த்து ஒதுக்கினாள். மூலையில் கிடந்த தாழ்வான ஒன்றில் உட்கார்ந்ததும் மெத்தை அவளைப் பாதி விழுங்கிவிட்டது.

"முட்டிவலிக்காரங்க இதுல உக்காந்தா எந்திரிக்க முடியுமா?"

"சத்தியமா முடியாதும்மா. வீட்டுல அப்படி யாராவது இருந்தா இது வேணவே வேணாம்."

"அப்ப இதையே வண்டியில ஏத்துங்க."

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். "பரவாயில்லையே, மெத்துனு இருக்கே" என்று சாய்ந்துகொண்டு ஊர்வம்பெல்லாம் பேசித் தீர்த்தாள். கிளம்பலாமென்று மூன்று முறை எம்பினாள். முட்டி இடம் கொடுக்கவில்லை.

"ஏம்மா, கொஞ்சம் கை குடேன்."

அவள் சமையலறையிலிருந்து ஒரு ஸ்டூலை இழுத்து வந்து, நாத்தனாருக்கு எதிரே போட்டு, நிதானமாக உட்கார்ந்தாள்.

"என் கையெல்லாம் நூலு, அக்கா. ஒட்டிக்கும்."