இல்லாத அம்மைக்குக் கட்டிய வேப்பிலை

அடுப்பில் சிரட்டை எரிந்து தணிந்ததும் கிடைக்கிற சாம்பலை மெல்லிய துணியில் சலித்தால் முகத்துக்குப் போடுகிற பவுடர் போல ஆகிவிடும். சனிக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் மாமி அந்தச் சாம்பலை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போவாள். பின்னாலேயே அக்கா போவாள். யாராவது வந்தால் இருமச் சொல்லி என்னை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்துவார்கள். கதவு இடுக்கு வழியாக நான் பார்த்திருக்கிறேன். மாமி அக்காவின் தலையைத் தன் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, மேலுதட்டிலும் தாடையிலும் சாம்பலைத் தடவி, நகத்தால் ஒவ்வொரு முடியாகப் பிடுங்குவாள். சாம்பல் இருந்தால் நகம் வழுக்காது. நகத்துக்கு அகப்படாததைத் தட்டானிடம் வாங்கிய சாமணத்தால் இழுப்பாள். "அனங்காதே பிள்ளே. அனங்கினா தோலும் கூட வரும்" என்று அதட்டுவாள். அக்கா சத்தம் போட மாட்டாள். அவள் கால்விரல்கள் மட்டும் பாயை நெருடிக்கொண்டே இருக்கும். மறுநாள் ஆராதனைக்குப் போகும்போது அந்த முகம் மஞ்சள் பூசி வழவழவென்று இருக்கும். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. எண்பது வயது தாண்டியவள், இரண்டு வேளையும் முழங்காலில் நிற்கிறவள், இப்படிக் கோபப்படலாமா என்று என் மக்கள் கேட்கிறார்கள். படலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கர்த்தர் மன்னிப்பார்.

எங்கள் வீடு கொல்லயில் பக்கம், பாறசாலைக்குப் போகிற வழியில். முன்னால் மரச்சீனிக் கிழங்குத் தோட்டம், பின்னால் குளம். நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மா இறந்துவிட்டாள். அப்பாவின் தங்கையான மாமி, புருஷனை இழந்து வந்தவள், அவள்தான் எங்கள் மூன்று பேரையும் வளர்த்தாள். அண்ணன் மூத்தவன், அடுத்தது அக்கா, ரொம்பக் கழித்து நான். மாமி அன்பில்லாதவள் என்று நான் சொல்ல மாட்டேன். அன்பாகத்தான் பிடுங்கினாள். அக்காவுக்குப் பதினாறு பதினேழு வயதில் மீசையும் தாடையில் முடியும் வரத் தொடங்கியபோது, அது வீட்டுக்கே வந்த அவமானம் என்று அவள் நினைத்தாள். கத்தி வைக்கக் கூடாது என்பது அவள் சட்டம். கத்தி பட்டால் ஆம்பிளைத் தாடி போலக் குத்திக்கொண்டு வரும் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அப்பாவுக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் தெரியாதவர் போலவே நடப்பார். அவர் சபைக் கமிட்டிக்காரர். ஆராதனையில் ஜெபிக்க எழுந்தால் அவர் குரல் ரோட்டில் போகிறவனுக்கும் கேட்கும். அவர் ஜெபத்தில் வராத வியாதி இல்லை, வராத துக்கம் இல்லை. அக்காவின் முகம் மட்டும் ஒருநாளும் வந்ததில்லை.

தமிழ் பேசுகிற தாலுகாக்களை மலையாள நாட்டிலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று போராட்டம் நடந்த காலம் அது. அண்ணன் அதில் முழுசாக இறங்கியிருந்தான். கூட்டம், ஊர்வலம் என்று அலைந்தவன், ஒரு ஊர்வலத்தில் அடிதடி ஆனபிறகு வீட்டுக்கே வரவில்லை. அவனைத் தேடிப் போலீஸ் அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் அக்காவுக்குப் பெருங்கடவிளையிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். நல்ல குடும்பம், பழைய சபைக்காரர்கள். பெண் பார்க்க வருகிற நாளும் குறித்தாகிவிட்டது.

மாமி ஒரு யோசனை பண்ணினாள். வாராவாரம் பிடுங்கினால் குட்டை முடி தப்பித் தப்பி நிற்கும். கொஞ்சநாள் தொடாமல் நன்றாக வளரவிட்டு, பெண் பார்க்க வருவதற்கு இரண்டு நாள் முன்னால் வேரோடு மொத்தமாக எடுத்துவிட்டால், வீக்கமும் வடிந்து முகம் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் வளருகிற நாட்களில் அக்காவை யாரும் பார்க்கக் கூடாதே? அதற்கும் மாமியிடம் வழி இருந்தது. "அம்மை போட்டிருக்குன்னு சொல்லுவோம். ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாவ" என்றாள். அப்பா தலையை ஆட்டினார். எங்கள் சபையில் அம்மைக்கு வேப்பிலை கட்டுகிற பழக்கமில்லை. ஆனாலும் ஊருக்குப் புரியட்டும் என்று மாமியே வாசலில் ஒரு கொத்தைக் கட்டினாள். அக்கா உள்ளறையில் அடைபட்டாள். நான் சாப்பாடு கொண்டுபோனால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். ஒருநாள் மட்டும், "ஏட்டி, ரெம்ப வளந்திருக்கா?" என்று கேட்டாள். நான், "இல்லைக்கா" என்றேன். உண்மையில் அண்ணனின் மீசையைவிட அது அடர்ந்திருந்தது.

எங்கள் பொய்யை யார் எப்படிப் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. வயசுப் பையன் தலைமறைவு, வீட்டில் ஒரு அறை எப்போதும் சாத்தியிருக்கிறது, ஜன்னலும் திறப்பதில்லை என்றால் யாருக்கும் சந்தேகம் வரத்தானே செய்யும். போராட்டக்காரர்கள் பெண் வேஷத்தில் ஒளிந்திருக்கிறார்கள் என்று வேறு ஒரு பேச்சு அப்போது நடமாடியது. ஒருநாள் காலையில், நான் முற்றம் பெருக்கிக்கொண்டிருக்கும்போது ஏட்டும் இரண்டு போலீஸ்காரர்களும் வந்தார்கள். அப்பா ஓடிப்போய் வழிமறித்தார். "மூத்த மகளுக்கு அம்மையாக்கும் ஏமானே. உள்ள போவாண்டாம்" என்றார். ஏட்டு வாசலில் தொங்கின வேப்பிலையைப் பார்த்தார். பிறகு தன் முகத்தை விரலால் தொட்டுக் காட்டினார். முகம் முழுக்கப் பழைய அம்மைத் தழும்பு. "எனிக்கு வந்து போயதாணு. இனி வராது" என்று சொல்லிவிட்டுக் கதவைத் தள்ளினார். மாமி அம்மை என்று சொல்லி ஊரையே தள்ளி நிறுத்தினாள். பயப்படத் தேவையில்லாத ஒரு மனுஷன் வருவான் என்று அவள் நினைக்கவில்லை.

அக்கா முகத்தைத் தோளில் போடுகிற நேரியதால் மூடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். ஏட்டு துணியை இழுத்தார். அம்மையின் ஒரு கொப்புளம்கூட இல்லை. மீசைதான் இருந்தது. "ஆள் கிட்டி!" என்று, அண்ணனே அகப்பட்டுவிட்டான் என்ற நினைப்பில் கத்தி, அவள் கையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்து வந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் அதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். அக்கா, "நான் பொம்பளையாக்கும் ஏமானே. எங்க அப்பாகிட்ட கேளுங்க" என்றாள். பாவம், எவ்வளவு நம்பிக்கையாகச் சொன்னாள்! ஏட்டு அப்பா பக்கம் திரும்பி, "பறயடோ, இது நின்றெ மகனோ மகளோ?" என்று கேட்டார். மாமி அப்பாவின் பின்னால் நின்று, அவர் கையைப் பிடித்து, "மிண்டாதே அண்ணா, பேசாதே. ஊரு முழுக்க நிக்குது" என்று முணுமுணுத்தாள். அப்பா வேலியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். ரோடு வரைக்கும் கேட்கிற குரல் அன்றைக்கு வாயை விட்டு வெளியே வரவில்லை. மகள் என்று ஒரு சொல், அவ்வளவுதான் வேண்டியிருந்தது. நான் "அக்காவாக்கும், அக்காவாக்கும்" என்று கத்தினேன். ஒரு போலீஸ்காரன் என்னைத் தள்ளிவிட்டான். அவர்கள் அக்காவை இடைவழி நெடுக நடத்திக் கொண்டுபோனார்கள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

மகனைக் காப்பாற்றத்தான் பேசாமல் இருந்ததாகவும், அவளைப் பிடித்தால் அவனைத் தேடுவதை விட்டுவிடுவார்கள் என்று நினைத்ததாகவும் அப்பா பிற்பாடு சொன்னார். போதகரிடமும் அப்படித்தான் சொன்னார். எனக்கு அது பொய்யாகத்தான் பட்டது, இப்போதும் படுகிறது. அப்பா தரையைப் பார்த்த அந்த நேரத்தில் நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் அண்ணன் இல்லை. வேலிக்கு வெளியே நின்றவர்கள்தான் இருந்தார்கள்.

முக்குக்குப் போகும் வழியில் கிழக்கு வீட்டு அம்மாள் எதிரே வந்தாள். புல்லுக்கட்டு தலையில், அரிவாள் கையில். அவர்கள் மலையாளம் பேசுகிற குடும்பம், எங்களோடு பேசும்போது இரண்டும் கலந்து வரும். புல்லுக்கட்டை வழியில் போட்டுவிட்டு ஏட்டுக்கு முன்னால் போய் நின்றாள். "எந்தா ஏமானே, கண்ணு கெட்டுப்போச்சா? இது பெண்ணாணு!" என்றாள்.

"பெண்ணினு மீசையோ?" என்றார் ஏட்டு.

"உண்டு, இவளுக்கு மீசை உண்டு. அது இந்த ஊரில ஆருக்குத் தெரியாது? கொச்சுப் பிள்ளையிலேருந்து ஒரே குளத்தில குளிக்கிறோம். சனியாழ்ச்ச மாமி பிடுங்குறதும் தெரியும், ஞாயறாழ்ச்ச வீங்கின முகத்தோட ஆராதனைக்குப் போறதும் தெரியும். கேளுங்க, இவங்ககிட்ட கேளுங்க!"

பின்னால் வந்த பெண்கள் எல்லாரும் ஆமாம் என்றார்கள். ஒருத்தி விடாமல். எல்லாருக்கும் தெரிந்திருந்தது! யாராவது வந்தால் இருமு என்று என்னை வாசலில் நிறுத்தினார்களே, அந்த 'யாராவது' எல்லாருக்கும் முன்னமே தெரிந்திருந்தது. ஏட்டு கையை விட்டார். அசடு வழிந்ததை மறைக்க, "எங்கில் ஷவரம் செய்யண்டே?", அப்படியானால் சவரம் பண்ண வேண்டாமா என்று கேட்டுச் சிரித்தார். ஆண்களில் சிலர் கூடச் சிரித்தார்கள். கிழக்கு வீட்டு அம்மாள் சிரிக்கவில்லை. தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, அதில் ஒட்டியிருந்த புல்லை உதறிவிட்டு, அக்காவின் கண்ணீரைத் துடைத்தாள். முகத்தை மூடவில்லை, துடைத்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மாமி சாம்பல் கிண்ணத்தோடு காத்திருந்தாள். "நடந்தது நடந்துட்டு. வா மக்கா, இப்பமே எடுத்துரலாம்" என்றாள். அக்கா நின்றாள். "ஊருக்கே தெரியுமாம் மாமி. பின்ன இத்தன நாளும் ஆருக்குப் பயந்து நான் வேதனை தின்னேன்?" என்று கேட்டாள். அப்பா அடுக்களைப் பக்கம் போய்விட்டார். அன்றைக்குப் பிறகு அக்கா தன் முகத்தைத் தொட யாரையும் விடவில்லை. தானும் தொடவில்லை.

பெருங்கடவிளையிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா தானே வந்தாள். போலீஸ்காரன் கையைப் பிடித்து ரோட்டில் இழுத்த பெண்ணை எடுக்க முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னாள். மாமி அழுதுகொண்டே, முடியை எடுத்துவிடலாம், வெளியே தெரியாது என்று ஏதேதோ சொன்னாள். அந்த அம்மாள் அதிசயமாகப் பார்த்தாள். "முடியா? அதை ஆரு கேட்டா? என் நாத்தனாருக்கு இதைவிட உண்டு. மூணு பெத்து நல்லாத்தான் இருக்கா" என்றாள். மாமி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எந்த முடி தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்து ஒளித்தார்களோ, அந்த முடியால் நிற்கவில்லை. ஒளித்ததால் நின்றது. அடுத்த வரன் வரவே இல்லை. அக்கா தையல் கற்றுக்கொண்டு, ஊர்ப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்து, அதே வீட்டில் கிழவியானாள்.

போராட்டம் முடிந்து எல்லை போட்டபோது எங்கள் ஊர் மலையாளத்துப் பக்கமே நின்றுவிட்டது. அண்ணன் திரும்பி வந்தான். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், அவனுக்குப் பொன்னாடை போர்த்திய கூட்டங்கள் உண்டு. தன் வீட்டைப் போலீஸ் சோதனை போட்டது என்று மேடையில் சொல்லுவான். சோதனையில் யாரைப் பிடித்தார்கள் என்று ஒரு மேடையிலும் சொன்னதில்லை. தாய்மொழிக்காக வாய் திறந்தவன், கூடப் பிறந்தவளுக்காகத் திறக்கவில்லை. அப்பாவின் பிள்ளைதானே!

என் பேத்திமார் இப்போது கையில், காலில் எல்லாம் ஏதோ பசையைத் தேய்த்து, தாளை ஒட்டி, சர்ரென்று இழுக்கிறார்கள். "வலிக்குது பாட்டி" என்று கூவிச் சிரிக்கிறார்கள். கதவு திறந்துதான் கிடக்கிறது. நான் ஒன்றும் சொல்வதில்லை. அவர்கள் முடி, அவர்கள் இஷ்டம். வேண்டுமானால் எடுக்கட்டும், வேண்டாமென்றால் விடட்டும். யாராவது அவர்கள் தலையை முழங்காலில் இடுக்கிப் பிடித்தால் மட்டும் நான் சும்மா இருக்க மாட்டேன்.

அக்கா போன மழைக்காலத்தில் கர்த்தருக்குள் நித்திரையானாள். குளிப்பாட்டி, வெள்ளைப் புடவை உடுத்தி, பெட்டியில் கிடத்தினோம். தாடையில் நரைத்த முடி வெள்ளி மாதிரி இருந்தது. அண்ணன் தடியை ஊன்றிக்கொண்டு வந்து பார்த்தான். என் காதருகே குனிந்து, "சபையார் வருவாவ, போட்டோ எடுப்பாவ. முகத்தக் கொஞ்சம் வழிச்சு விடச் சொல்லட்டா?" என்று கேட்டான். பெட்டி பக்கத்தில் சத்தம் போடக் கூடாது என்று எனக்குத் தெரியும். போட்டேன். "உன்னைத் தேடி வந்தவன் இந்த முகத்தப் பிடிச்சு இழுத்துட்டுப் போனான். அன்னைக்கு இது மகளாக்கும்னு சொல்ல இந்த வீட்டில ஒரு ஆம்பிளைக்கு வாய் இல்லை. இன்னைக்கு கத்தி எடுக்க வாய் வருதா?" என்றேன். அண்ணன் தரையைப் பார்த்தான்.

போதகர் வருகிற நேரம் ஆயிற்று. யாரோ ஒரு நல்ல மனசுக்காரி, மரியாதைக்காக, போர்வையை அக்காவின் மேலுதடு வரைக்கும் இழுத்துவிட்டாள். நான் அதைத் தாடைக்குக் கீழே மடித்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் மருமகள் வந்து மறுபடி இழுத்துவிட்டாள். நான் மறுபடி மடித்துவிட்டேன். பிறகு எழுந்திருக்கவே இல்லை. நாற்காலியைப் பெட்டியோடு ஒட்டிப் போட்டு, போர்வையின் ஓரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, பெட்டியை மூடும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.