பெட்டை என்று சொன்ன கை

வாத்துக் குஞ்சு பொரித்த அன்றைக்கு அது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே மஞ்சள், ஒரே கத்தல். தொட்டுத்தான் சொல்ல வேண்டும். என் மனைவி கலைமகள் டுரியான் துங்கால் பக்கத்தில் ஒரு குஞ்சு பொரிப்பகத்தில் இருபத்து மூன்று வருடமாக அந்த வேலையைத்தான் செய்கிறாள். குஞ்சைக் கவிழ்த்துப் பிடித்து, வாலுக்கு அடியில் கட்டை விரலால் லேசாக உருட்ட வேண்டும். ஆணாக இருந்தால் கடுகை விடச் சின்னதாக ஒன்று தட்டுப்படும். தட்டுப்படாவிட்டால் பெட்டை. பெட்டை முட்டைப் பண்ணைக்கு, ஆண் கறிக்கு. ஒரு குஞ்சுக்கு மூன்று விநாடி. அதற்கு மேல் எடுத்தால் சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றுகொள்வார்.

கேட்க லேசான வேலை. ஒரு நாளைக்கு இரண்டாயிரம் குஞ்சை உருட்டிவிட்டு வருகிறவளுடைய தோள்பட்டை என்ன பாடுபடும் என்று என்னைக் கேளுங்கள். வீட்டுக்கு வந்து சோபாவில் விழுந்தால் விசிறியைப் போடச் சொல்லக்கூட அவளுக்குத் தெம்பு இருக்காது. நானும் புக்கிட் காத்திலில் பள்ளி வேன் ஓட்டி ஓய்ந்து வந்திருப்பேன். யார் எழுந்து சோறு ஆக்குவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அவளுக்கு இனிப்பு நீர் வியாதி பத்து வருடமாக உண்டு. போன வருடம் விரல் நுனிகள் மரக்க ஆரம்பித்தன. "பஞ்சுக்குள்ள கைய வுட்ட மாதிரி இருக்குங்க," என்றாள். கிளினிக்கில் நரம்புக் கோளாறு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். அப்போது நான் சொன்னதை மறைக்கப் போவதில்லை. "யார்கிட்டயும் மூச்சு வுடாத. அம்பத்தஞ்சு வயசாயி சேமநிதிக் காசு கைக்கு வர இன்னும் ரெண்டு வருசந்தான். இழுத்துப் புடிச்சிரு," என்றேன். வெளியே தெரிந்தால் அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் எனக்கு. அவளுக்கும் அதே பயம்தான். இழுத்துப் பிடித்தாள்.

விரல் மரத்தவளுக்கு எல்லாக் குஞ்சும் பெட்டையாகத்தான் தெரியும். பெட்டைக் கூடை மட்டும் சீக்கிரம் நிறைந்தால் சந்தேகம் வரும். அதனால் நடுநடுவே சிலவற்றைக் குத்துமதிப்பாக ஆண் கூடையில் போட்டாள். இதையும் அவளேதான், ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே, என்னிடம் சொன்னாள். பெரிய பண்ணைகளுக்குப் போகும் பெட்டிகளில் நாலு பேர் பிரித்த குஞ்சுகள் கலந்திருக்கும். யார் செய்த தவறு என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அது ஆறுதலாக இருந்தது. வெட்கம்தான், ஆனால் ஆறுதலாகத்தான் இருந்தது.

ஆனால் நம் ஆட்கள் இருக்கிறார்களே. கலைமகள் கைராசிக்காரி என்று சுற்று வட்டாரத்தில் பேர். வீட்டில் பத்து இருபது வாத்து வளர்க்கிறவர்கள், "கலைமக பொறுக்குனதாவே குடுங்க," என்று தனியாகக் கேட்டு வாங்கிப் போவார்கள். கூட வேலை செய்யும் பெண்களுக்கு இதில் எரிச்சல். கோலா சுங்கை பாருவிலிருந்து நல்லமுத்து அப்படித்தான் வந்து நின்றார். காலமெல்லாம் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிவிட்டு, வயதான பிறகு மகளோடு கடலோரம் வந்து சேர்ந்தவர். முட்டையை உப்பில் போட்டு நாசி லெமாக் விற்கும் சோற்றுக் கடைகளுக்குக் கொடுக்கலாம் என்பது அவர் திட்டம். இருபது பெட்டை வேண்டும், இருபதும் கலைமகள் கையால் வேண்டும் என்றார். இவள் பக்கத்து மேசைப் பெண்ணைப் பொறுக்கச் சொல்லியிருக்கலாம். அவரோ எதிரிலேயே நின்று வாயெல்லாம் பல்லாகப் பார்த்துக்கொண்டிருந்தாராம். இவளும் பொறுக்கிக் கொடுத்துவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் போன் செய்தார். ஸ்பீக்கரில் இருந்ததால் நானும் கேட்டேன்.

"தங்கச்சி, வாத்துங்கல்லாம் தளதளன்னு வளந்திருச்சும்மா. அஞ்சாறு மட்டுந்தான் வாயாடி. மிச்சமெல்லாம் தங்கமான புள்ளைங்க, சத்தமே இல்ல. பக்கத்து வீட்டு மலாய்க்காரருக்குக்கூட சந்தோசம்லா. எல்லாம் ஒங்க கைராசி."

கலைமகள் போனை மேசையில் வைத்துவிட்டு அப்படியே நின்றாள். ஏழெட்டு வாரம் ஆனால் பெட்டை வாத்து கத்தி ஊரைக் கூட்டும். ஆணுக்குத் தொண்டை கம்மிப் போய் வெறும் காற்றுதான் வரும். இது எனக்கே தெரியும்.

"முட்டை போடற வயசு வரட்டும், அவரே தெரிஞ்சிக்குவாரு," என்றேன். "எங்கயோ தப்பு நடந்துபோச்சுன்னு வுட்ருவாரு. நீ ஏன் வாயக் குடுத்து மாட்டிக்கிற?"

"கார எடுங்க," என்றாள்.

நல்லமுத்து வீட்டுப் பின்பக்கம் வலை கட்டிக் கொட்டகை போட்டிருந்தார். மீன்படகுத் துறையிலிருந்து மீன் கழிவு வாங்கி வந்து வாத்துகளுக்கு நறுக்கிப் போட்டிருந்தார். கொட்டகை ஓரத்தில் பழைய பலகையில் அடித்த பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் காய்ந்த புல் பரப்பியிருந்தது. வாத்துக்கு ஒன்று வீதம் இருபது பெட்டி. முட்டை போடத் தயாராக வைத்திருந்தார்.

கலைமகள் சுற்றி வளைக்கவில்லை. "அண்ணே, கத்துற ஆறுதான் பெட்டை. மிச்சம் பதினாலும் ஆம்பள," என்றாள்.

அவர் சிரித்தார். "சும்மா சொல்லாதீங்க தங்கச்சி. நீங்க பொறுக்குனது, எப்படித் தப்பும்? இதுங்க சாது, அவ்வளவுதான்."

"சத்தத்தக் கேளுங்கண்ணே."

"வாத்து சத்தத்த நம்பறதா, ஒங்க கைய நம்பறதா?"

தப்பித்தோம் என்று நினைத்தேன். கிளம்பலாம் என்று அவளுக்குக் கண் காட்டினேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"என் கை செத்துப்போச்சுண்ணே. ஒரு வருசமா ஒண்ணும் தட்டுப்படல. அது தெரிஞ்சேதான் ஒங்களுக்குப் பொறுக்கிக் குடுத்தேன். வேற இருபது குடுக்கச் சொல்றேன். நான் தொடாததா."

நல்லமுத்து கவிழ்த்திருந்த வாளியில் உட்கார்ந்தார். பெட்டிகளையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார். ஏசியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு. சொல்ல விடாதவன் பக்கத்திலேயே நிற்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. நானும் வாயைத் திறக்கவில்லை.

திரும்பும் வழியில் மஸ்ஜித் தானா ஊரைத் தாண்டினோம். அப்புறம், "நாளைக்கு மொதலாளிகிட்ட சொல்லிர்றேன்," என்றாள். நான் "ம்" என்றேன். எனக்கு வேறு என்ன யோக்கியதை இருக்கிறது?

சிவப்பு விளக்கில் கார் நின்றது. அவள் வலது கை மடியில் கிடந்தது. அந்த விரல் நுனிகளை மெல்லப் பிடித்தேன். கல்யாணமான இத்தனை வருடத்தில் காரில் அவள் கையைப் பிடித்தவன் இல்லை நான். அவள் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் போலிருக்கிறது, இருக்கட்டும் என்று நினைத்தேன். விளக்கு பச்சையானதும் கியர் போடக் கையை எடுத்தேன். அதற்கும் அவள் திரும்பவில்லை. நான் பிடித்ததே அவளுக்குத் தெரியவில்லை என்பது, கார் கொஞ்ச தூரம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.