குடும்பப் பெயர் என்ற கட்டம்

“அச்சுல வந்துட்டா மட்டும் போதுமாம்மா? இந்த மூணு வருசத்துல ஒரு ஆளு கூட அதைத் தொடலையே.”

எங்கள் புள்ளியியல் துறைத் தலைவர் இதைச் சொன்னபோது என் உதவித்தொகைக் கோப்பு அவர் மேசையில் திறந்து கிடந்தது. அதை இன்னும் இரண்டு ஆண்டு நீட்டிக்கலாமா என்று ஒரு குழு முடிவு செய்ய வேண்டும். குழுவுக்கு வெளியூரிலிருந்து வரும் பேராசிரியர் முன்கூட்டியே ஒரு கேள்வி எழுதி அனுப்பியிருந்தார். இந்தப் பெண்ணின் கட்டுரையை வேறு ஆய்வாளர் எவராவது மேற்கோள் காட்டியிருக்கிறாரா என்பது கேள்வி. தலைவர் சென்னையில் தமக்குத் தெரிந்த ஒருவரிடம் சொல்லி மேற்கோள் அட்டவணையில் தேட வைத்திருக்கிறார். என் பெயரில் ஒரு வரி கூட இல்லை என்று பதில் வந்துவிட்டது. குழு கூடுவதற்கு ஒன்பது நாள் இருந்தது.

எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவர் யாரும் இல்லை. உதவித்தொகை நின்றால் ஆய்வும் நின்றது என்று பொருள். வீட்டிலிருந்து ஒரு ஆண்டு கூட என்னைப் படிக்க வைக்க முடியாது. ஆனால் அன்று என்னைச் சுட்டது அதுவல்ல. ஒரு ஆளு கூடத் தொடவில்லை என்ற சொல்தான்.

அந்தக் கட்டுரைக்காக நான் இரண்டு கோடைக்காலம் ஓர் ஆஸ்பத்திரியின் பதிவேட்டு அறையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரே நோயாளி ஒரு முறை சொந்தப் பெயரைச் சொல்வார், மறுமுறை வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்வார். ஒவ்வொரு முறையும் புதிய சீட்டு போடுவார்கள். இத்தனை சீட்டுகளுக்குப் பின்னால் உண்மையில் எத்தனை ஆட்கள் இருக்கிறார்கள் என்று மதிப்பிட ஒரு வழி கண்டுபிடித்தேன். தகவல்களைத் துளையிட்ட அட்டைகளான பஞ்ச் கார்டுகளில் ஏற்றி, வரிசை குலையாமல் மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோவேன். வெளிநாட்டுப் பத்திரிகை அதை ஏற்றுக்கொண்டபோது துறையில் என் வயதுக்காரர் எவருக்கும் அப்படி ஒன்று இல்லை. அந்தக் கர்வம் எனக்கு இருந்தது. இப்போதும் இருக்கிறது.

நானே சென்னைக்குப் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அந்த வாரம் எங்கள் ஊர் கீழக்குயில்குடிக்குப் போனபோது வீட்டில் சொன்னேன். தனியாக அனுப்ப அம்மா ஒப்பவில்லை. நடவு வேலையைப் போட்டுவிட்டு அப்பா கிளம்பினார். எதற்குப் போகிறோம் என்று ரயிலில்தான் கேட்டார்.

“நான் எழுதுனதை வேற யாராச்சும் எடுத்து எழுதியிருக்காங்களான்னு பாக்கணும்ப்பா.”

“எடுத்து எழுதுனா களவுல்ல?”

“இன்னாருகிட்ட இருந்து எடுத்தேன்னு பேரைப் போட்டுத்தான் எடுப்பாங்க.”

“கேட்டு வாங்கிட்டுப் போற விதைநெல்லு மாதிரி. அப்ப யாராச்சும் எடுத்துருந்தாத்தான் நல்லது” என்றார் அப்பா.

அட்டவணை இருந்த நூலகத்தை அடையும்போது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். அன்று சாயங்கால வண்டியிலேயே திரும்ப வேண்டும். கடிதம் இல்லாதவர்களை உள்ளே விடமாட்டோம் என்று அப்பாவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். என் பெயரை வருகைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, அட்டவணைத் தொகுதிகள் இருந்த அலமாரியைக் காட்டினார்கள். ஒவ்வொன்றும் தலையணை கனம். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. எந்த ஆய்வாளரின் எந்தக் கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்பது அகர வரிசையில் இருக்கும்.

முதல் ஆண்டில் என் பெயர் இல்லை. இரண்டாம் ஆண்டிலும் இல்லை. மூன்றாவதில் என் பெயரில் வேறு யாரோ ஒரு வேதியியல்காரர் இருந்தார். எழுத்து விட்டுப்போயிருக்குமோ என்று என் பெயரை நாலைந்து விதமாக எழுதி மறுபடி மூன்றையும் புரட்டினேன். மணி நாலரை ஆனது. விரல் நுனி கறுத்திருந்தது. தலைவர் சொன்னதுதான் சரி என்று அப்போது முதல் முறையாகத் தோன்றியது. அப்பாவிடம் என்ன சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

நேரமாகிவிட்டது, கையெழுத்துப் போடுங்கள் என்று பணியாளர் பதிவேட்டைக் கொண்டுவந்து வைத்தார். அதில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. பெயர், தந்தை பெயர்.

என் கை நின்றுவிட்டது. பத்திரிகைக்காரர்கள் அனுப்பிய படிவத்திலும் இப்படி இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்றில் குடும்பப் பெயர் கேட்டிருந்தார்கள், இன்னொன்றில் இட்ட பெயர். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலில் இருப்பது அப்பா பெயர்தானே என்று அதை முழுசாக எழுதியிருந்தேன். கட்டுரையில் என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் அச்சாகி வந்தபோது வெளிநாட்டு வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்து சந்தோஷப்பட்டதோடு சரி.

அட்டவணையும் குடும்பப் பெயரை வைத்துத்தான் அடுக்கப்பட்டிருக்கும். பதிவேட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடிப்போய் அப்பா பெயரில் தேடினேன். இரண்டாம் ஆண்டில் ஒரு வரி. மூன்றாம் ஆண்டில் இரண்டு. பத்திரிகை, தொகுதி, பக்கம் எல்லாம் எனக்கு மனப்பாடமான எண்கள். அவற்றில் ஒன்று கம்ப்யூட்டரில் தகவல் சேமிப்பதைப் பற்றிய பத்திரிகையிலிருந்து வந்தது. அந்தத் துறையில் எனக்கு ஒருவரையும் தெரியாது.

மூன்று வரிகளையும் நகலெடுத்து, நூலகரிடம் முத்திரை கேட்டேன். அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

“இது ஆம்பளைப் பேராச்சே. யார் இவர்?”

“எங்கப்பா.”

“அவரும் ஆராய்ச்சி பண்றவரா?”

“இல்லைங்க. வாசல்ல உக்காந்திருக்கார்.”

அவர் சிரிக்கவில்லை. ஆனால் முத்திரை குத்திக் கொடுத்தார்.

வெளியே வந்து அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் எழுந்தே விட்டார். “எம் பேருலயா? நான் ஒன்னும் எழுதலையே தாயி. இதுக்குக் கேசு கீசு வருமா?” வராது என்று விளக்கி முடிப்பதற்குள் ரயில் நிலையம் வந்துவிட்டது. பிறகுதான் மெதுவாகக் கேட்டார். “எம்புட்டுப் பேரு எடுத்துருக்கான்?” மூன்று பேர் என்றேன். விரலை மடக்கி எண்ணிக்கொண்டார்.

குழுவின் முன்னால் அந்தத் தாள் அவ்வளவு சுலபமாகச் செல்லுபடியாகவில்லை. வெளியூர்ப் பேராசிரியர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒரே ஆளு ரெண்டு பேருல பதியறதைப் பத்திக் கட்டுரை எழுதியிருக்கீங்க. கடைசியில நீங்களே அப்படிப் பதிஞ்சிருக்கீங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் தரையைப் பார்த்தார். இது வேறு ஆள் இல்லை என்று எப்படி நம்புவது என்று பேராசிரியர் கேட்டார்.

“என் கட்டுரையிலேயே ஒரு விதி இருக்கு சார். மூணு குறிப்பு ஒத்துப்போனா ஒரே ஆளுன்னு வச்சுக்கலாம். இங்க பத்திரிகை, தொகுதி, பக்கம் மூணும் ஒத்துப்போகுது. கட்டுரையில இருக்கிற துறை விலாசம் நாலாவது.” கட்டுரையின் அச்சுப் பிரதியை அவர் முன் வைத்தேன். அந்த விதி இருந்த பக்கத்துக்கு வந்தவுடன் அவர் கை நின்றது. அங்கேயே வெகுநேரம் படித்தார். பிறகு என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள்.

தாழ்வாரத்தில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கடைசியில் தலைவர் வந்தார். இரண்டு ஆண்டு கேட்ட இடத்தில் ஓர் ஆண்டு கொடுத்திருக்கிறார்கள் என்றார். அடுத்த ஆண்டு குழு மறுபடி பார்க்கும். அதற்கும் மேற்கோள் வேண்டும்.

“இனிமேலாவது உம் பேருல ஒழுங்கா எழுதும்மா” என்றார். “அப்பா பேரை இனிஷியலோட விட்டுரு.”

நான் தலையாட்டவில்லை. பெயரை இப்போது மாற்றினால் அந்த மூன்று பேரும் வேறு யாரோ ஓர் ஆளிடம் போய் நின்றுவிடுவார்கள். நான் மறுபடி ஒன்றுமில்லாமல் தொடங்க வேண்டும். அது ஒரு காரணம். ஒரே காரணம் என்று சொல்ல மாட்டேன்.

என் இரண்டாவது கட்டுரையை அன்று காலையிலேயே, குழுவுக்கு வரும் வழியில், ஆரப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பதிவுத் தபாலில் சேர்த்திருந்தேன். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில், இந்த முறை தெரிந்தே, அப்பா பெயரை எழுதியிருந்தேன்.